புற்றுமண்ணில் ஒரு தடம்

"மிதிக்காதீங்க! ஒருத்தரும் உள்ளே வராதீங்க!"

தியோங்கே ஜெரே ராக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் பின்கோட்டு மூலையில் முட்டிபோட்டு விழுந்தாள். காற்றுக்கு முதுகைக் கொடுத்தாள். இரண்டு கைகளையும் விரித்து, அடைகாக்கும் கோழி மாதிரி அந்த மூலையை மொத்தமாக வளைத்துக்கொண்டாள்.

சற்று முன்னால்தான் கோட்டு நடுவர் சிகாஸ்வே கையை நீட்டி, "வெளியே!" என்று கத்தியிருந்தார். அந்த ஒரு சொல்லோடு ஆட்டம் முடிந்துபோயிருந்தது. தியோங்கே தேசிய டென்னிஸ் சாம்பியன். கிட்வே சுரங்க கிளப்பில் கூடியிருந்த ஜனம் கயிற்றைத் தாண்டி உள்ளே பாய்ந்துகொண்டிருந்தது. விசில், மேளம், கூச்சல்.

வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கலுபா ஓடிவந்துகொண்டிருந்தாள். ராக்கெட்டால் மூலையைக் காட்டியபடி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு.

"தியோங்கே! உள்ளே விழுந்துச்சு! தியோங்கே, உள்ளே!"

ஜனம் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? கலுபா எந்தப் பந்துக்குத்தான் 'உள்ளே' என்று கத்தவில்லை? பின்வேலியில் மோதி விழுந்த பந்துக்கும் கத்துவாள். ஒருமுறை வேலியைத் தாண்டிக் கார் கண்ணாடியை உடைத்த பந்துக்குக்கூட, "உள்ளேதான், கோர்ட்டைத்தான் சின்னதா கட்டிட்டாங்க!" என்று வாதாடியவள். எதிரியைச் சீண்டுவதற்காக அவள் ஆடும் நாடகம் அது. நாடறிந்த நாடகம்.

நான் அந்த ஆட்டத்தின் நடுவர். பெயர் முபிட்டா. உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கே பந்து விழுந்த இடம் தெரியவில்லை. சரியாக அந்த நொடியில் ஆகஸ்ட் காற்று சுழன்று, அந்த மூலையைச் சிவப்புப் புழுதியால் மூடியிருந்தது. சிகாஸ்வே சொன்னதை நான் ஏற்றுக்கொண்டேன். ஏற்காமல் இருக்க என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

ஆனால் ஜெயித்தவள் எதற்காகத் தரையில் விழுந்து கிடக்கிறாள்?

*

அந்த இரண்டு பேரையும் அதற்கு முன் நான் எத்தனையோ முறை நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த நாற்காலிக்கு என்னைக் கூப்பிட்டதற்கே ஒரு காரணம் உண்டு. கலுபா பெம்பா இனம். தியோங்கே அங்கோனி. நான் லோசி. எங்கள் நாட்டில் சில இனங்களுக்குள் கிண்டல் முறை உண்டு; இந்த இரண்டு பேருக்கும் நான் அந்த முறை கிடையாது. அதனால் இரண்டு பேரும் என்னைக் கிண்டல் செய்ய மாட்டார்கள் என்று கிளப்பில் ஒரு நம்பிக்கை. ஜனத்துக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை.

"லோசிக்காரரே, படகு ஆடுதா?" நான் நாற்காலியில் ஏறும்போதே எவனாவது கேட்பான். லோசிக்காரர்கள் ஆற்றில் படகோட்டுகிற இனம்.

கலுபா சுரங்கத்தில் தாதுமண் லாரி ஓட்டுகிறவள். வீடு உயர லாரி. அதன் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி உரமேறிய தோள். இடதுகை ஆட்டம். அவள் சர்வ் போட்டால் பந்து வரும் சத்தம் முதலில் வருமா, பந்து முதலில் வருமா என்று பார்க்க வேண்டும்.

தியோங்கே சிப்பாட்டாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள். அவளுக்கு அவசரமே கிடையாது. கலுபா இடிபோல் அடிப்பதை எல்லாம் தண்ணீர் மொள்ளுகிற மாதிரி மொண்டு திருப்பிக் கொடுப்பாள். ஒருமுறை, இரண்டுமுறை, பத்துமுறை. பதினோராவது பந்து வலையை உரசி இறங்கிச் செத்துக் கிடக்கும்.

ஆறு வருடமாகத் தேசிய இறுதியாட்டம் என்றால் இவர்கள் இருவர்தான். நான்கு முறை தியோங்கே. ஒரே ஒரு முறை கலுபா. இது ஆறாவது.

இந்த முறை கோப்பையோடு இன்னொன்றும் இருந்தது. டாக்கரில் நடக்கும் ஆப்பிரிக்கப் போட்டிக்கு ஒரே ஒரு பெண்ணைத்தான் அனுப்ப முடியும் என்று சங்கம் கையை விரித்துவிட்டது. இந்த இறுதியாட்டத்தில் ஜெயிப்பவள் போவாள். இரண்டு பேரும் அதுவரை நாட்டின் எல்லையைத் தாண்டி ஆடியதே இல்லை. ஒவ்வொரு வருடமும் 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்றே சொல்லிச் சொல்லி இரண்டு பேருக்கும் முப்பது தாண்டிவிட்டது. கலுபாவின் முட்டியில் கட்டு. தியோங்கேவின் தோளில் கட்டு. பின்னால் இளசுகள் வரிசை கட்டி நிற்கின்றன. இனி ஒரு 'அடுத்த வருடம்' கிடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

ஆட்டத்துக்கு முன் தியோங்கே என்னிடம் பையைத் திறந்து காட்டினாள். பச்சை நிறத்தில் ஒரு மேல்சட்டை. நெஞ்சில் ஆரஞ்சு நூலால் அவள் பெயர்.

"பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க தைச்சுக் கொடுத்துட்டாங்க சார். டாக்கர்ல போட்டுக்கணுமாம். நான் இன்னும் ஜெயிக்கவே இல்லைடின்னா கேட்கமாட்டேங்குதுங்க."

"நீ என்ன சொன்னே?"

"போட்டுக்கறேன்னு சொல்லிட்டேன்." அவள் ஜிப்பை இழுத்து மூடினாள். "மேகத்துக்கு மேல ஒரு தடவையாவது போயிட்டு வரணும் சார். வானத்துல போறதை அண்ணாந்தே பார்த்துக்கிட்டிருந்தா கழுத்துதான் வலிக்குது."

*

முதல் செட்டிலேயே ஒரு கலவரம்.

அந்த வருடம் போட்டி மேற்பார்வைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு ரெஃப்ரி வந்திருந்தார். நல்ல மனிதர். எங்கள் நாட்டுக்கு அதுதான் முதல் முறை. கலுபா ஒரு சர்வ் போட்டாள். தியோங்கே அசையக்கூட இல்லை.

"எடுத்துக்கோடி எலி தின்னி! வயல்ல வளை தோண்டுவியே, அதே கையால இதையும் தோண்டி எடு!"

"பேசுடி, பேசு." தியோங்கே ராக்கெட் நரம்பைச் சரி செய்தபடி பதில் சொன்னாள். "மரத்துலேர்ந்து இறங்கினவுடனே இவ்வளவு வாய்! நேத்து ராத்திரி தட்டுல கிடந்த குரங்கு உனக்குச் சித்தப்பாவா பெரியப்பாவான்னு விசாரிச்சியா?"

கிளப்பே குலுங்கியது. ரெஃப்ரியின் முகம் மட்டும் சிவந்துவிட்டது. யாரோ மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். வேகமாக வந்து, "எதிரியை இழிவுபடுத்தினால் எச்சரிக்கை. மறுபடி செய்தால் பாயின்ட் போய்விடும்" என்றார். நான் அறிவித்தேன். ஜனம் ஊளையிட்டது.

ரெஃப்ரியிடம் ஓடியவள் கலுபா இல்லை. தியோங்கே.

"சார், எதுக்குத் தண்டனை? அவ என்னைத் திட்டறது அவளோட உரிமை. நான் அவளைத் திட்டறது என்னோட உரிமை. எங்க தாத்தாவும் அவ தாத்தாவும் ஈட்டியால பேசிக்கிட்டாங்க. நாங்க வாயால பேசிக்கறோம். இதுல எவளுக்குக் கோபம் வருதோ அவதான் தோத்தவ."

"உனக்கு வருத்தமே இல்லையா?" ரெஃப்ரி நம்பாமல் கேட்டார்.

"அவ திட்டாம இருந்தாதான் சார் நான் பயப்படணும்."

ரெஃப்ரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். என் தாத்தாவின் சாவுக்கு வந்த டோங்கா இனத்துக் கிண்டல் முறைக்காரர்கள் சவப்பெட்டியை வழிமறித்து, "கிழவன் நடிக்கிறான், ரெண்டு அறை விட்டு எழுப்புங்க!" என்று ரகளை செய்ததையும், அழுது அழுது மயங்கிக் கிடந்த என் அம்மா குபீரென்று சிரித்ததையும் அவருக்குச் சொன்னேன். எச்சரிக்கையை வாபஸ் வாங்கினார்.

"ரொம்ப நன்றிடி எலி தின்னி!" வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல். "வக்கீல் பீஸா ஒரு எலிப்பொறி அனுப்பி வைக்கிறேன்!"

முதல் செட் கலுபாவுக்கு. இரண்டாவது தியோங்கேவுக்கு. மூன்றாவது செட்டில் ஜனம் பேச்சை நிறுத்திவிட்டது. பேச முடியாது. ஒவ்வொரு பந்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எங்கே பேசுவது? கலுபா அடித்த அடியில், கரையான் புற்றை இடித்துப் பரப்பிய அந்தப் புற்றுமண் தரையிலிருந்து புகை கிளம்பியது. தியோங்கே அந்தப் புகைக்குள்ளிருந்து வெளியே வந்து பந்தை அனுப்பினாள். ஒரு பாயின்ட்டில் இருவரும் களைத்துப்போய், ஆளுக்கொரு பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்தபடியே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நடுவர் கைதட்டக் கூடாது. நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

தியோங்கே ஐந்து, கலுபா நான்கு. சர்வ் தியோங்கே. நாற்பது-முப்பது. ஒரு பாயின்ட் எடுத்தால் டாக்கர்.

கலுபா குறுக்கே ஓடி, நேர்க்கோட்டில் ஒரு அடி அடித்தாள். தியோங்கே பாய்ந்தாள். ராக்கெட் எட்டவில்லை. காற்று சுழன்றது. புழுதி எழுந்தது.

"வெளியே!"

தியோங்கே இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தினாள். வலைக்கு அந்தப் பக்கம் கலுபா கத்தினாள். மறு நொடியே தியோங்கே தரையில் விழுந்தாள்.

*

"லோசிக்காரரே, படகை விட்டு இறங்குங்க!" யாரோ கத்தினார்கள்.

இறங்கினேன். ஜனத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். காற்று இன்னும் நிற்கவில்லை. ஆகஸ்டில் புற்றுமண் தரை மாவு மாதிரி. காலையில் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டினாலும் மதியத்துக்குள் காய்ந்துவிடும். பந்தின் தடம் அதில் ஒரு நிமிடம் தங்கினால் அதிகம். அப்படிப்பட்ட தரையில் ஒருத்தி தன் உடம்பையே சுவராக்கிக் கிடக்கிறாள்.

அவளைச் சுற்றி நாலு பேர். சிப்பாட்டாவிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள். அவள் அண்ணன் ஒருத்தன் தலையில் அடித்துக்கொண்டிருந்தான்.

"எழுந்திரு தியோங்கே! முடிஞ்சுபோச்சு, ஜெயிச்சாச்சு! எதுக்கு இந்தக் கூத்து?"

"அண்ணே, காலை எடு. கோட்டுப் பக்கம் வந்தே, கடிச்சிடுவேன்."

நான் மண்டியிட்டேன். அவள் முகம் எனக்கு மிக அருகில் இருந்தது. கண்கள் சிவந்து, கன்னத்துச் செம்மண்ணில் கோடு கோடாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். அழாமல் எப்படி இருப்பாள்?

"சீக்கிரம் பாருங்க சார். காத்து திருடிட்டுப் போயிடும்."

அவள் கைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒன்பதாவது கேம் முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் பெருக்கியிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த மூலையில் விழுந்தது ஒரே பந்து. ஒரே தடம். முட்டை வடிவத்தில், புதுசாக. அதன் விளிம்பு சுண்ணாம்புக் கோட்டை ஒரு விரல் அகலத்துக்குக் கடித்திருந்தது.

சிகாஸ்வேயும் குனிந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றார் மெதுவாக. அந்தப் புழுதியில் யாராக இருந்தாலும் தப்பாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

நான் நாற்காலிக்குத் திரும்பி ஏறினேன்.

"பந்து உள்ளே. பாயின்ட் கலுபாவுக்கு. டியூஸ்." ஆளுக்கு நாற்பது; ஆட்டம் முடியவில்லை.

அப்போது எழுந்த சத்தத்தை என்னவென்று சொல்வது? பாதி ஜனம் கத்தியது. மீதி ஜனம் தியோங்கேவைத் திட்டியது. "பைத்தியமா உனக்கு? கையில இருந்ததைக் கீழே போட்டியே!" என்று அவள் அண்ணன் அழுதேவிட்டான்.

கலுபா மட்டும் வலையருகே அசையாமல் நின்றாள். பிறகு தொண்டையைச் செருமினாள்.

"எழுந்திருடி எலி தின்னி. வளை தோண்டினது போதும்."

"இரு, வரேன் குரங்கு தின்னி. உன்னை விட்டுட்டு எங்க போகப்போறேன்?"

அடுத்த பாயின்ட்டை கலுபா வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பாள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அவளைத் தெரியாதவர்கள். அப்படி விட்டிருந்தால் தியோங்கே அவள் முகத்தில் விழித்திருக்க மாட்டாள். கலுபா அன்று முழுவதும் அடிக்காத அடியை அப்போதுதான் அடித்தாள். தன் மரியாதையை அந்தத் தோளால்தான் சொல்லத் தெரியும் என்பது போல. தியோங்கேவும் சும்மா இருக்கவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தாள். எடுக்கவே முடியாது என்று நான் முடிவு கட்டியவற்றை எல்லாம் எடுத்தாள். அந்த கேமையும் சேர்த்து மூன்று கேம். மூன்றும் டியூஸைத் தொட்டுத்தான் முடிந்தன.

மூன்றும் கலுபாவுக்கு.

கடைசிப் பந்து விழுந்ததும் கலுபா கோப்பை இருந்த பக்கம் போகவில்லை. வலையைத் தாண்டி வந்து தியோங்கேவை இடுப்போடு தூக்கினாள். லாரி தாதுமண்ணைச் சுமப்பது போல. அப்படியே கோர்ட்டை ஒரு சுற்று சுற்றினாள்.

"இறக்குடி! மூச்சு முட்டுது, குரங்கு நாத்தம் தாங்கல!"

"சும்மா கிட. எலியை இப்படித்தான் வாலைப் பிடிச்சுத் தூக்கணும்."

ரெஃப்ரி என் நாற்காலிக்குக் கீழே நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்துவிட்டதல்லவா? நானும் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தேன்.

*

மறுநாள் பேப்பரில் எல்லாம் தியோங்கேவின் கண்தான். 'கழுகுக் கண்' என்று தலைப்பு. புழுதிக்குள்ளிருந்தும் ஒரு விரல் அகலத்தைப் பார்த்தவள், பார்த்ததை மறைக்காதவள். சந்தையில், பஸ்ஸில், மதுக்கடையில் அதே பேச்சு. நானும் சளைக்கவில்லை. கிளப்பில் எவன் பீர் வாங்கிக் கொடுத்தாலும் அந்தக் கதையைச் சொன்னேன். "மேலே உட்கார்ந்த நான் பார்க்கலை, பக்கத்துல நின்ன சிகாஸ்வே பார்க்கலை, அவ பார்த்தா!" என்று மேஜையைத் தட்டினேன்.

கலுபா லுசாகாவுக்குப் பஸ் ஏறிய காலையில் நிலையத்தில் பாதி கிட்வே நின்றது. அங்கிருந்து டாக்கருக்கு விமானம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு தியோங்கே வந்தாள். சிப்பாட்டாவுக்குப் போய்விட்டாள் என்றல்லவா நினைத்தேன்! கையில் அந்தப் பை. அதிலிருந்து பச்சை மேல்சட்டையை எடுத்து கலுபாவின் தோளில் போட்டாள்.

"பொண்ணுங்க ஆசையா தைச்சது. டாக்கரைப் பார்க்காம அது திரும்பி வரக்கூடாது."

கலுபா சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். நெஞ்சில் தைத்திருந்த பெயரை விரலால் தடவினாள். கண் கலங்குவதை மறைக்க அவசரமாக அந்தச் சட்டையின் ஜேபிக்குள் கையை விட்டுத் துழாவினாள். ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தாள். அலறினாள். உள்ளே வறுத்துக் காய வைத்த எலிகள், வாலோடு.

"வழிச் சாப்பாடு!" என்றாள் தியோங்கே. "ஒரே ஒரு தடவை மனுஷங்க சாப்பாடு சாப்பிட்டுப் பாரு. அதுக்கப்புறம் உன்னை எவளாலும் ஜெயிக்க முடியாது."

நிலையமே சிரித்தது. கலுபா பொட்டலத்தைப் பத்திரமாக மறுபடி ஜேபியில் வைத்ததை நான் கவனித்தேன். சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலில் தலை தெரிந்தது.

"போயிட்டு வரேன்டி எலி தின்னி!"

"ஜெயிச்சுட்டு வாடி குரங்கு தின்னி!"

பஸ் கிளம்பியது. புழுதி அடங்கும் வரை தியோங்கே அதே இடத்தில் நின்றாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தப் புழுதியில அந்தப் பந்தை எப்படிம்மா பார்த்தே?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு.

"யார் சார் பார்த்தது? என் கண்ணு பூரா மண்ணு. ராக்கெட்டை நீட்டினேன், ஒண்ணும் தட்டுப்படலை. பந்து எந்தப் பக்கம் போச்சுன்னுகூடத் தெரியாது. 'வெளியே'ன்னு காதுல விழுந்துச்சு, கையைத் தூக்கிட்டேன்."

"அப்போ... அது உள்ளே விழுந்துச்சுன்னு?"

தூரத்தில் பஸ் வளைவில் திரும்பியது. ஜன்னலில் ஒரு பச்சைக் கை ஆடியது. தியோங்கே பதிலுக்குக் கையை ஆட்டிக்கொண்டே சொன்னாள்.

"இத்தனை வருஷத்துல அவ வாயில என் பேர் வந்ததே இல்லை சார். அன்னிக்குத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டா."